சுட்ட படிகாரம்

படிகாரத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் ஈப்போவில் பலர் இருக்கலாம். அதை என்னைவிட அதிகமாக வெறுக்கிறவன் ஒருவனும் இருக்க மாட்டான். சவரக் கடையில் முகத்தை மழித்த பிறகு அந்த வெள்ளைக் கட்டியைத் தேய்க்க வந்தால் கையைத் தட்டிவிடுவேன். எரிச்சலுக்குப் பயந்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரு காலத்தில் அதுதான் எனக்குச் சோறு போட்டது. பத்து காஜாவுக்கு அந்தப் பக்கம் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் சின்ன ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களில் ரப்பர் பாலை உறைய வைக்க அமிலம் வாங்குவார்கள். எங்கள் தவுக்கே எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். அவர் படிகாரத்தை மூட்டையில் கொண்டுவந்து இறக்குவார். 'தாவாஸ்' என்று அதற்கு மலாயில் பெயர் சொல்வார். அதை உடைத்து, தண்ணீரில் கரைத்து, ஆட்கள் வாளியில் கொண்டுவந்து ஊற்றும் பாலில் அளவாகக் கலப்பது ஸ்டோரில் என் வேலை. கலந்து வைத்துவிட்டால் பால் தயிராகத் திரண்டு, பிறகு கையில் எடுக்கிற கட்டியாகிவிடும். அதை உருளையில் கொடுத்துத் தகடாக இழுப்போம்.

நாள் முழுவதும் அந்தத் தண்ணீரில் கிடந்து என் விரல்கள் கிழவன் விரல்கள்போலச் சுருங்கியிருக்கும். படிகாரத்தை நாக்கில் வைத்தால் முதலில் லேசாக இனிக்கும், அப்புறம் வாயைக் கூட்டிப் பிடிக்கும். ஈயச் சுரங்கத்துச் சேறு கலந்து ஆறு செங்காவியாக ஓடும் நாட்களில் குடத்துத் தண்ணீருக்குள் ஒரு கட்டியை நாலு சுற்று சுற்றிவிட்டு வைத்தால் சேறெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கத்தி கையைக் கிழித்தால் அதன் பொடியைத்தான் வைத்து அழுத்துவார்கள், ரத்தம் நிற்கும். இரும்புச் சட்டியில் போட்டுச் சுட்டால் உருகிப் பொங்கி உப்பி வெள்ளைப் பொரியாகிவிடும், அந்தப் பொடி பிள்ளைகளின் வாய்ப்புண்ணுக்கு ஆகும். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் யாருக்கு எதற்கு வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். தவுக்கேயின் மூட்டைதானே, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பேன்.

என் மனைவி ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தாள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பில் பேர் கொடுத்துவிட்டுப் பெண்கள் பால் வடிய மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அந்தக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். தாய்மார் திரும்பும்வரை அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது ஆயாவின் பொறுப்பு. அந்த வேலையைக் கிழவிகளுக்குத்தான் கொடுப்பார்கள். இவளுக்கு ஏன் கொடுத்தார்கள் என்றால், எங்களுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூத்தது மூச்சுவிடாமலே வந்தது. அடுத்தது தத்தித் தத்தி நடக்கிற வரைக்கும் இருந்து, காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு வாளி சுமக்க அவள் உடம்பு கேட்கவில்லை. கங்காணி இரக்கப்பட்டுக் கொட்டகையில் போட்டார். அந்த ஒரு நன்மைக்காக அவரை நான் இன்றும் திட்டாமல் இருக்கிறேன்.

அந்த வேலை அவளைப் பிழைக்க வைத்தது. மதியம் ஸ்டோரிலிருந்து எட்டிப் பார்த்தால், இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, காலடியில் நாலு என்று நிற்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் எது எப்படிக் கொட்டாவி விட்டது, எது சோற்றைத் துப்பியது என்ற பேச்சுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஆண் பிள்ளைமேல் அவளுக்குத் தனிப் பிரியம். அது தன் அம்மாவிடம் போகாமல் இவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அந்தப் பெண்ணும், "புள்ள உங்களதுதான் அக்கா, நான் சும்மா பால் குடுக்குறவ" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் விகல்பம் எதுவும் இருந்ததில்லை.

அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. அந்தப் பக்கத்தில் அது அதிசயமே இல்லை, கொசு கடித்தால் வருகிற காய்ச்சல். வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வரும் ஆஸ்பத்திரி உதவியாளர், டிரெசர், கசப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு, விடாமல் கொடுங்கள், இறங்கிவிடும் என்று சொல்லிப் போனார். பிள்ளை மருந்தைக் கக்கியது. அதன் அம்மா பயந்துபோய்க் கங்காணியின் பெண்டாட்டியைப் போய்ப் பார்த்தாள்.

கங்காணியின் பெண்டாட்டிக்குத் திருஷ்டி கழிப்பதில் கைராசி உண்டு என்று பெயர். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, படிகாரம் கொண்டா, யாரு கண்ணுன்னு பாத்துருவோம்" என்றிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நல்ல கட்டியா ஒண்ணு குடுங்கண்ணே. புள்ளைக்குச் சுத்திப் போடணும்."

நான் மூட்டையைக் கிளறி, கண்ணாடிபோல இருந்த ஒரு கட்டியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். பிள்ளை நன்றாகட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அந்தி நேரத்தில் லயத்து வாசலில் வைத்துக் கழித்தார்கள். நானும் மனைவியும் எங்கள் வாசலில் நின்று பார்த்தோம். கங்காணியின் பெண்டாட்டி பிள்ளையைக் கிழக்கே பார்க்க வைத்து, கட்டியை மூன்று முறை சுற்றினாள். "ஊருக் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, பெத்த கண்ணு, பேய்க் கண்ணு" என்று எல்லாருக்கும் தெரிந்த வரிகளைச் சொல்லிக் கரி நெருப்பில் போட்டாள். அது வியர்த்தது, உருகியது, கொதகொதவென்று பொங்கி, பொங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆறிய பிறகு இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் வைத்தாள்.

அதில் தலைபோல ஒரு முண்டு இருந்தது. அதற்குக் கீழே உடம்புபோல ஒரு திரட்சி. ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு புடைப்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"பொம்பளை" என்றாள் கங்காணியின் பெண்டாட்டி. "இடுப்புல புள்ள வச்சிருக்கா."

லயத்தில் இடுப்பில் பிள்ளை வைக்காத பொம்பளை எவள் என்று நான் கேட்க நினைத்தேன். அதற்குள் அவளே கேள்வியைக் கேட்டு அவளே பதிலையும் வைத்திருந்தாள்.

"பெத்தவளுங்க எல்லாம் மரத்தடியில நிக்கிற நேரத்துல, இடுப்புல புள்ளையோட நிக்கிறவ யாரு?"

யாரும் பேர் சொல்லவில்லை. எல்லாருடைய தலையும் எங்கள் வாசல் பக்கம் திரும்பியது. அப்புறம் வழக்கப்படி அந்தக் கட்டியை லயத்துக்கு முன்னால் பாதை பிரிகிற இடத்தில் போட்டு மிதித்தார்கள். பொரிபோல லேசான பொருள், ஒரே மிதியில் மாவாகிவிட்டது. என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் கொட்டகைக்குப் பிள்ளைகள் வரவில்லை. தாய்மார் கைக்குழந்தைகளைக் காட்டுக்கே தூக்கிப் போய், இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவில் சேலையைத் தூளியாகக் கட்டி, கொசுவுக்கு நடுவில் படுக்க வைத்துவிட்டு வேலை பார்த்தார்கள். காய்ச்சலுக்குப் பயந்து பிள்ளைகளைக் கொசுவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களை என்னவென்று சொல்வது? என் மனைவி காலியான கொட்டகையைப் பெருக்கி, தரையில் தண்ணீர் தெளித்து, மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். வெறுங்கையோடு அவள் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு அடங்காத கோபம். அன்று சாயங்காலம் ஸ்டோரிலிருந்து மூன்று கட்டிகளை எடுத்துக்கொண்டு லயத்து வாசலுக்கு வந்து, அடுப்புக் கரியைக் கொட்டி ஊதினேன். ஆட்கள் கூடினார்கள்.

"நல்லா பாத்துக்குங்க. நான் யாரையும் சுத்தல, எந்தப் புள்ளைக்கும் கழிக்கல. வெறும் படிகாரம், வெறும் நெருப்பு. இதுலயும் ஒரு உருவம் வரும். அது யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

முதல் கட்டி பொங்கி நின்றது. பிறகு பக்கத்து வீட்டுப் பெண், சண்டைக்கு இல்லை, உண்மையிலேயே வருத்தத்தோடு சொன்னாள்.

"அதே ஆளுதான் அண்ணே."

"எங்க இருக்கு இடுப்பு? எங்க இருக்கு புள்ள?" என்று கத்தினேன்.

"புள்ளைய இறக்கி விட்டுட்டா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

இரண்டாவது கட்டி சப்பையாக, நெருப்பிலிருந்து எடுத்த அப்பம்போல வந்தது. உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். காலையிலிருந்து கொட்டகையில் அப்படித்தானே உட்கார்ந்திருந்தாள் என்று சாட்சி வேறு சொன்னார்கள். மூன்றாவது கட்டி உருகி ஓடி நீளமாக உறைந்தது. படுத்திருக்கிறாளாம். கடுகளவு ஈரம் நெஞ்சில் இல்லாதவர்கள் இல்லை அவர்கள். என் பிள்ளை செத்தபோது இதே ஆட்கள்தான் குழி வெட்டினார்கள். ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணில் முதலிலேயே அவள் இருந்தாள், நான் எதைச் சுட்டாலும் அவள்தான் வந்திருப்பாள்.

அப்போதுதான் என் மனைவி வாசலிலிருந்து இறங்கி வந்தாள். வேண்டாம், உள்ளே போ என்றேன். கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து, முதலில் சுட்ட கட்டியைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நானேதான்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு எதிராக நான் சொல்லாத சொல் கிடையாது. ஒன்றும் ஏறவில்லை. நம் இரண்டு பிள்ளைகளையும் நான்தான் பார்த்துப் பார்த்துத் தின்றுவிட்டேன் என்றாள். மூத்தது வயிற்றில் இருந்தபோது எப்படி இருக்கும் எப்படி இருக்கும் என்று ஏங்கினேன், சின்னதைத் தூங்கும்போதெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன், 'பெத்த கண்ணு' என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள் என்றாள். கங்காணியின் பெண்டாட்டி அவள்மேல் போட்டது ஒரு பிள்ளையின் காய்ச்சலைத்தான். மற்ற இரண்டையும் இவள் தானாகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. கசப்பு மருந்து உள்ளே தங்க ஆரம்பித்ததும் காய்ச்சல் இறங்கியது. டிரெசர் சொன்னபடிதான் நடந்தது. ஆனால் லயத்தில் மருந்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆயா பிள்ளையைப் பார்ப்பதை நிறுத்தினாள், பிள்ளை எழுந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான் கணக்கு. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து வாசலில் வைத்து, "மனசுல வச்சுக்காதீங்க அக்கா" என்று அழுதாள். என் மனைவியும் அழுதாள், சந்தோஷத்தில். பிள்ளை பிழைத்ததில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று என்னிடம் சொன்னாள். அதற்கப்புறம் அங்கே இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஈப்போவுக்கு வந்து ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தேன். மருந்து கலக்குகிறவர் யாழ்ப்பாணத்து ஐயா, சாதுவான மனிதர். அலமாரியில் படிகார ஜாடியைப் பார்த்ததும் என் முகம் போன போக்கைக் கண்டு, என்ன சங்கதி என்று கேட்டார். நான் கதையைச் சொல்லவில்லை. இது சுட்டால் ஏன் பொங்குகிறது என்று மட்டும் கேட்டேன்.

"உது பொட்டாசியமும் அலுமினியமும் கந்தகத்தோடை சேர்ந்த ஒரு உப்பு. பாக்கத்தான் கல்லு, பாதிக்குக் கிட்ட தண்ணிதான் உள்ளுக்கை இருக்கு. சூடு பட்டால் தண்ணி வெளியாலை போகப் பாக்கும். உருகின உப்பைக் குமிழ் குமிழாய்த் தள்ளிக்கொண்டு போகும். போன வழியெல்லாம் பொந்தாய் நிண்டுபோம். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானாம். கல்லாகத் தெரிகிற ஒன்றுக்குள் பாதி தண்ணீர். அது தப்பி ஓடியபோது விட்டுப் போன பொந்துகளைப் பார்த்து ஒரு லயமே என் மனைவியின் முகம் என்றது. நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் அவளை உட்கார வைத்து, ஐயா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"தண்ணி போகட்டுங்க. போறப்ப ஏன் என்னை மாதிரி போகணும்?" என்றாள்.

இதற்குப் பதில் எந்த ஜாடியில் இருக்கிறது?

ஈப்போவில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. இதுவாவது அவளை மாற்றும் என்று நம்பினேன். பிரசவம் பார்த்த அம்மாள் பிள்ளையை நீட்டியபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவரு கையில குடுங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் தன் பிள்ளையைப் பார்க்கவில்லை. முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே குளிப்பாட்டினாள். விரலாலேயே தடவிக் கன்னம் எது, நெற்றி எது என்று கண்டுபிடித்துத் திருஷ்டிப் பொட்டு வைத்தாள், அது பாதி நாள் காதில் இருக்கும். இருட்டில் வேலை செய்கிறவளுக்கு வருமே, அப்படி ஒரு பழக்கம் அவள் கைக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் நான் வந்ததும் என்னிடம் கேட்பாள்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?"

நான் சொல்வேன். கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. முடி சுருள்கிறது. சிரித்தால் இடது பக்கம் குழி விழுகிறது.

"மூக்கு?"

"உன் மூக்குதான்."

"பாவம்" என்பாள். ஆனால் அன்று தூங்கும்வரை முகம் மலர்ந்தே இருக்கும். நானும் விதவிதமாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். என் கண்ணால் அவள் பிள்ளையை வளர்த்தாள். இப்படியே போனாலும் போகட்டும், காலம் ஆற்றும் என்று இருந்தேன். காலம் ஆற்றும் என்று சொன்னவனைக் கண்டால் கேட்க வேண்டும்.

பெண்ணுக்குப் பேச்சு வந்த வயதில் காய்ச்சல் வந்தது. கடை மருந்து கையிலேயே இருந்தது, உடனே கொடுத்தேன். ஐயாவும் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அவர் போன பிறகு என் மனைவி அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முந்தா நாளு மத்தியானம் பாத்துட்டேங்க. தொட்டில்ல தூங்கிக்கிட்டு இருந்துச்சு. தூங்குதே, தெரியவா போகுதுன்னு சேலைய விலக்கிப் பாத்துட்டேன். ஒரே ஒரு தடவைதான். அவ்வளவு அழகா இருந்துச்சுங்க."

அதைச் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, பெற்றவள் பிள்ளையைப் பார்ப்பது பாவமா என்று கெஞ்சினேன், திட்டினேன், நானும் அழுதேன். அவள் படிகாரம் சுடச் சொல்வாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. அவளுக்குத்தான் பதில் தெரியுமே. மறுநாள் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு பீடோரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். "காய்ச்சல் விடட்டும், வாரேன்" என்றாள்.

காய்ச்சல் விட்டது. அவள் வரவில்லை. நல்லா இருக்குதானே, நான் இல்லாததால்தான் நல்லா இருக்கு, அப்படியே இருக்கட்டும் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பினாள். பிள்ளை ஆரோக்கியமாக வளர வளர அவள் திரும்பி வரும் வழி அடைந்துகொண்டே போனது. அது ஒரு தும்மல் தும்மியிருந்தாலாவது, நீ அங்கே இருந்தும் தும்முகிறதே என்று போய்ச் சொல்லியிருப்பேன். பாழாய்ப்போன பிள்ளை, கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

நடந்து பேசி, கேள்வி கேட்டே என் உயிரை எடுக்கிற வயதில் மகளைப் பீடோருக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். என் மனைவி அடுக்களையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் குரல் கேட்டதும் கை நின்றது. திரும்பவில்லை. நான் மகளை மெல்ல முன்னால் தள்ளினேன். அவள் போய்ப் பின்னாலிருந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

என் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு கைகளைப் பின்னால் கொண்டுபோய்ப் பிள்ளையின் முகத்தைத் தொட்டாள். நெற்றி, புருவம், மூக்கு, உதடு. உதட்டை விலக்கிப் பற்களைத் தடவினாள். முடியை அளந்து பார்த்தாள். இடது கன்னத்தில் விரலை வைத்து, "சிரி" என்றாள். மகள் சிரித்தாள், விரல் குழிக்குள் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"வந்துரு" என்றேன். "அது நல்லா இருக்கு. நீ இல்லாம வீடுதான் நல்லா இல்ல."

"கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ரப்பர் மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்புறம் கேட்டாள்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியாதாப்பா?"

அந்த வயதுப் பிள்ளைக்கு வேறு எதைச் சொல்வது? "தெரியாதும்மா" என்றேன்.

"எப்பவுமே தெரியாதா?"

"ஒரு தடவை தெரிஞ்சுச்சு. நீ தொட்டில்ல தூங்கிக்கிட்டு இருந்த."

"என்னைப் பாத்துச்சா?"

"பாத்துச்சு."

"நான் எப்படி இருந்தேனாம்?"

அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை, சொன்னபடியே மகளிடம் சொன்னேன்.

"அவ்வளவு அழகா இருந்தியாம்."

அது போதும்போல இருந்தது அவளுக்கு. என் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள்.